பென்டிரைவில் மெனு வந்தால் போதுமா? பல ஓஎஸ் பூட்டபிள் டிரைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) நேரடியாகத் தொடங்கவோ நிறுவவோ உதவும் பூட்டபிள் பென்டிரைவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஒருநாள் அது கறுப்புத் திரையோடு நின்றுவிடும், அப்போதுதான் டிராயரைக் கிளறி அந்தப் பென்டிரைவைத் தேடுவோம். எனக்கும் அப்படி ஓர் இரவு வந்தது. ஒரே பென்டிரைவில் பல ஓஎஸ் வைக்க உதவும் வென்டாய் என்ற கருவியின் மெனு உடனே வந்தது. உபுண்டு, டெபியன், விண்டோஸ், ஒரு பார்ட்டிஷன் கருவி என்று நான் போட்டுவைத்த எல்லாம் வரிசையாக இருந்தன. அப்பாடா என்று உபுண்டுவைத் தேர்ந்து எண்டர் தட்டினேன், லோகோ வந்தது, அதற்குப் பின் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் (லினக்ஸின் சுருக்கிய கோப்புத் தொகுப்பைப் படிக்க முடியவில்லை என்ற பிழை) என்று வெள்ளை எழுத்தில் வரி வரியாக ஓட ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் அப்படியே உறைந்துவிட்டது. அந்த ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் ஒரே கோப்பாக வரும் நிறுவல் கோப்பு) போட்ட அன்று காப்பி பார் 100% காட்டியதும் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருந்தேன். மெனுவில் பெயர் இருந்தது, கோப்புக்குள் பாதி தரவு வந்து சேரவே இல்லை. கையில் வேறு கணினியும் இல்லை.

அதனால் இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெனு வருவது ஒரு விஷயம், அதிலுள்ள ஒவ்வொரு ஓஎஸ்ஸும் உண்மையாகவே பூட் ஆவது வேறு விஷயம். இடையில் எங்கெல்லாம் தவறு நடக்கிறது என்று பார்ப்போம்.

புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: ஐஎஸ்ஓ கோப்பை வெறும் பென்டிரைவில் காப்பி பேஸ்ட் செய்துவிட்டு ஏன் பூட் ஆகவில்லை என்று கேட்பது. சும்மா ஒரு கோப்பாகக் கிடக்கும் ஐஎஸ்ஓவை, கணினியைத் தொடக்கிவைக்கும் எந்த பயாஸும் திறந்து பார்க்காது. அடுத்த கட்டத்தில் இருப்பவர்கள் எட்சர் மாதிரி ஒரு கருவியில் உபுண்டுவை எழுதுவார்கள், பிறகு அதே பென்டிரைவில் ஃபெடோராவையும் எழுதுவார்கள், இரண்டும் இருக்கும் என்று நம்புவார்கள். அந்தக் கருவிகள் பென்டிரைவை முதல் பிட்டிலிருந்து மேலெழுதுகின்றன, இரண்டாவது உள்ளே போகும்போதே முதலாவது போய்விடும். பல ஓஎஸ் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த வென்டாய், ஈஸி2பூட், யூமி போன்ற ஒன்று வேண்டும். நான் பழகியது வென்டாய், அதை வைத்தே சொல்கிறேன்.

வென்டாய் பென்டிரைவை இரண்டாகப் பிரிக்கிறது. பெரிய பகுதி சாதாரண எக்ஸ்ஃபேட் (கோப்புகளைச் சேமிக்கும் ஒரு ஃபார்மேட்), அதில்தான் ஐஎஸ்ஓக்களைப் போடுகிறோம். கடைசியில் 32 எம்பிக்கு ஒரு சின்னப் பகுதி, பெயர் விடாய்இஎஃப்ஐ, பூட் செய்யும் வேலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சின்னப் பகுதியைப் பார்த்து "இது என்ன வீணாக" என்று அழித்துவிடாதீர்கள். இன்னொன்று, வென்டாய் புதிய பதிப்புக்கு மாறும்போது அப்டேட் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் இன்ஸ்டாலை அழுத்தினால் பென்டிரைவ் மொத்தமும் ஃபார்மேட் ஆகிவிடும். இரண்டு முறை எச்சரிக்கை கேட்கும்தான், ஆனால் எச்சரிக்கைப் பெட்டி என்றாலே படிக்காமல் யெஸ் தட்டுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஐஎஸ்ஓ போக மீதியிருக்கும் இடத்தில் மற்ற கோப்புகளை வைத்துக்கொள்ளலாம், வேறெங்கும் நகல் இல்லாத படங்களை மட்டும் அங்கே வைக்க வேண்டாம்.

தவறான டிஸ்க்கில் எழுதுவது

இந்தப் பட்டியலிலேயே திரும்பப் பெற முடியாத தவறு இதுதான். லினக்ஸில் ஐஎஸ்ஓவை நேரடியாக டிஸ்க்கில் எழுதும் டிடி கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள், பென்டிரைவைக் குறிக்கும் எஸ்டிபி என்று எழுத வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று எழுதினால், அது ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் மேல் எழுத ஆரம்பித்துவிடும். நேற்று எஸ்டிபி ஆக இருந்த பென்டிரைவ் இன்று எஸ்டிசி ஆக இருக்கலாம், எந்த வரிசையில் செருகினோம் என்பதைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு முறையும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, அளவையும் மாடல் பெயரையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். விண்டோஸில் வென்டாயும் ரூஃபஸ் என்ற எழுதும் கருவியும் வழக்கமாக யூஎஸ்பியில் செருகியவற்றை மட்டும் காட்டும். எல்லா டிஸ்க்கையும் காட்டு என்ற தேர்வைப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நான் எழுதும் முன் பேக்கப் வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்துவிடுகிறேன். செருகியே இல்லாததை அழிக்க முடியாது.

கோப்பு முழுசாக வந்ததா?

என் இரவைக் கெடுத்த விஷயம் இது. காப்பி பார் முடிந்தது என்பதற்கு, கோப்பு பென்டிரைவில் எழுதப்பட்டுவிட்டது என்று எப்போதும் பொருள் கிடையாது. முக்கியமாக லினக்ஸில், தரவு முதலில் ராமில் போய் உட்காரும், பென்டிரைவின் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக இறங்கும். பார் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், பென்டிரைவின் விளக்கு இன்னும் ஐந்து நிமிடம் மினுக்கிக்கொண்டே இருக்கும். எஜெக்ட் கொடுங்கள், எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை காத்திருங்கள். டெர்மினலில் இருப்பவர்கள் சிங்க் என்று அடித்து, அது முடிந்து பிராம்ப்ட் திரும்பும்வரை பொறுங்கள்.

இறக்கம் செய்யும்போதே கோப்பு கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற வகைகள்) பெரும்பாலும் கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ256 எண்ணைத் தங்கள் தளத்தில் கொடுக்கின்றன. அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஒப்பிடும்போது கணினியில் இருக்கும் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது, பென்டிரைவுக்குப் போன கோப்பையும் பார்க்க வேண்டும், அதுவும் ஒரு முறை கழற்றிச் செருகிய பிறகு. கழற்றாமல் பார்த்தால் ராமில் இருக்கும் நகலையே படித்து எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும். வென்டாய் மெனுவிலேயே ஐஎஸ்ஓ மேல் நின்று எம் விசையைத் தட்டினாலும் இந்தச் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) கணக்கிடலாம், இது பலருக்குத் தெரியாத வசதி.

போலிக் கொள்ளளவு பென்டிரைவ்களும் இதே மாதிரி ஏமாற்றும். 256 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது அதில் ஒரு பங்குதான். முதல் இரண்டு ஐஎஸ்ஓ ஒழுங்காக ஓடும், மூன்றாவதோ நான்காவதோ குப்பையாக இருக்கும், நாம் அந்த ஓஎஸ்ஸைத் திட்டுவோம். புதுப் பென்டிரைவ் வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டிப் பாருங்கள். நேரம் பிடிக்கும், ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஃபேட்32, அந்த 4 ஜிபி சுவர்

"ஃபேட்32 என்றால்தான் எல்லாக் கணினியிலும் ஓடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்டு வென்டாயின் பெரிய பகுதியை ஃபேட்32 ஆக மாற்றுவார்கள். பிறகு விண்டோஸ் ஐஎஸ்ஓவைப் போடும்போது, 50 ஜிபி காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று மறுத்துவிடும். ஃபேட்32இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, இப்போதைய விண்டோஸ் ஐஎஸ்ஓ அதைத் தாண்டிவிட்டது. வென்டாயில் பூட் ஆகும் வேலை அந்த 32 எம்பி பகுதியில் நடப்பதால், பெரிய பகுதி எக்ஸ்ஃபேட் ஆகவே இருக்கட்டும்.

ஒரே பென்டிரைவ், மெனுவில் இரண்டு பெயர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே சின்னக் குழப்பம் பெரிய இழப்பில் முடிகிறது. கணினியை ஆன் செய்ததும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஏதோ ஒன்றைத் தட்டி பூட் மெனுவுக்குப் போகிறீர்கள். பல கணினிகளில் உங்கள் பென்டிரைவ் அங்கே இரண்டு முறை தெரியும். ஒன்று யூஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்ற சொல்லோடு ஆரம்பிக்கும், இன்னொன்று வெறும் பென்டிரைவ் பெயர் மட்டும். எதை எடுத்தாலும் வென்டாய் மெனு வந்துவிடுவதால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.

அப்படி வெறும் பெயரை எடுத்தால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பழைய லெகசி முறையில் ஓடுகிறது. பார்ட்டிஷன் தேர்வு செய்யும் இடத்தில், இந்த டிஸ்க் ஜிபிடி (பார்ட்டிஷன்களைப் பதிந்துவைக்கும் புதிய முறை) முறையில் இருப்பதால் இதில் நிறுவ முடியாது என்று சொல்லும். உடனே தேடினால், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் கிளீன் கொடுத்து, பழைய முறையான எம்பிஆராக மாற்று என்று யாரோ எழுதியிருப்பார்கள். கிளீன் கொடுத்தால் அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையே போய்விடும், டி டிரைவில் வைத்திருந்த பத்து வருடப் புகைப்படம் உட்பட. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று இருக்கும் வரியைத் தேர்ந்தாலே போதும், பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பென்டிரைவ் எம்பிஆரா ஜிபிடியா என்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பென்டிரைவின் அமைப்பு, உள்ளிருக்கும் டிஸ்க்கின் அமைப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. வென்டாய் தானாக எம்பிஆரை எடுக்கிறது, அது பழைய கணினி புதுக் கணினி இரண்டிலும் பூட் ஆகும், அப்படியே விட்டுவிடலாம்.

செக்யூர் பூட்

சான்றிதழ் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும் கணினியில் வென்டாயை முதல் முறை செருகினால் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட் என்று திரையில் ஒரு பெட்டி வரும். வைரஸ் என்று பயந்து கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஓகே தட்டி, ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் ஒரு மெனு வரும், அதில் என்ரோல் கீ ஃபிரம் டிஸ்க்கை எடுத்து, விடாய்இஎஃப்ஐ பகுதிக்குள் இருக்கும் சான்றிதழ்க் கோப்பைத் தேர்ந்து, ரீபூட் கொடுக்க வேண்டும். ஒரு கணினிக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இதைச் செய்யச் சோம்பல்பட்டு பயாஸில் போய் செக்யூர் பூட்டையே அணைக்கிறார்கள். அணைப்பதில் தப்பில்லை, ஆனால் விண்டோஸ் டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற குறியாக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கக்கூடும். நான் பிட்லாக்கரே போடவில்லையே என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸைத் தொடும் முன் அந்தக் கீயை எடுத்து, அந்தக் கணினிக்கு வெளியே, ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள். கீ இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதைத் திறக்க முடியாமல் போகக்கூடும்.

வேகமாகச் சில விஷயங்கள். ஐஎஸ்ஓ இறக்கும்போது ஏஎம்டி64க்கும் ஏஆர்எம்64க்கும் (இவை ப்ராசஸர் வகைகள்) வித்தியாசம் பாருங்கள், இன்டெல் கணினிக்கும் ஏஎம்டி64தான் வேண்டும், பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மேக்ஓஎஸ் நிறுவியை வென்டாயில் போட முடியாது, அதற்குத் தனிப் பென்டிரைவ் வையுங்கள். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் லைவ் லினக்ஸில் சேமித்தது ரீஸ்டார்ட்டில் போய்விடும், தங்க வேண்டுமென்றால் பெர்சிஸ்டன்ஸ் கோப்பு தனியாக உருவாக்க வேண்டும். இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் விண்டோஸ் இன்ஸ்டாலர் டிஸ்க்கையே காட்டாது, விஎம்டி என்ற டிஸ்க் கன்ட்ரோலர் அமைப்பு ஆனில் இருப்பதுதான் காரணம். அதற்கான ஐஆர்எஸ்டி டிரைவரையும் வைஃபை டிரைவரையும் பிரித்து ஒரு ஃபோல்டரில் இதே பென்டிரைவில் போட்டுவைத்தால் அந்த நேரத்தில் அலைய வேண்டாம்.

லினக்ஸ் நிறுவும்போது, ஓஎஸ்ஸைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரை எங்கே போடுவது என்று கேட்டால், அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். பட்டியலில் உங்கள் பென்டிரைவும் ஒரு டிஸ்க்காக நிற்கும். அதைத் தேர்ந்துவிட்டால் நிறுவல் வெற்றி என்று வரும், பென்டிரைவ் செருகியிருக்கும்வரை கணினி ஒழுங்காகத் தொடங்கும், கழற்றிய மறுநாள் காலையில் எதுவும் வராது. இங்கேயும் அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

சரி, எல்லாம் போட்டாயிற்று. இப்போதே, கணினி நன்றாக இருக்கும்போதே, ரீஸ்டார்ட் செய்து பென்டிரைவிலிருந்து ஏறுங்கள். லினக்ஸ் என்றால் டெஸ்க்டாப் வரும்வரை, விண்டோஸ் என்றால் மொழி கேட்கும் திரை வரும்வரை போய்விட்டு அங்கேயே பவரை அணைத்துவிடலாம், டிஸ்க்கில் எதுவும் மாறியிருக்காது. ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் இதைச் செய்யுங்கள், ஆறு இருந்தால் ஆறு முறை. விர்ச்சுவல் மெஷினில் சோதிப்பது ஓரளவுக்குத்தான் உதவும், உங்கள் கணினியின் செக்யூர் பூட்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் அங்கே இருக்காது. நார்மல் மோடில் ஏதாவது ஒன்று வரவில்லை என்றால் வென்டாய் கேட்கும் இடத்தில் கிரப்2 மோடையோ, விண்டோஸுக்கு விம்பூட் மோடையோ முயன்று பாருங்கள், எது வேலை செய்தது என்பதைக் குறித்துவையுங்கள்.

அப்புறம், புதிய பதிப்பு வந்து ஐஎஸ்ஓவை மாற்றும்போது பழையதை உடனே அழிக்காதீர்கள். இரண்டும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். புதியது உங்கள் கணினியில் டெஸ்க்டாப்வரை போனதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை எடுத்துவிடலாம்.