ஹோப்பி முறையில் மானாவாரி மக்காச்சோளம்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ பீடபூமியிலுள்ள பிளாக் மேசா மேட்டின் தென்விளிம்பில் வாழும் ஹோப்பி என்ற பழங்குடி மக்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ மழை பெய்யும் நிலத்தில், பெரும்பாலும் பாசனமின்றியே பல நூற்றாண்டுகளாக மக்காச்சோளம் விளைவித்து வருகிறார்கள். அந்த முறையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு வேலையிலும் இதுவே கடினமானது என்பேன். ஏனெனில் இங்கே தேட வேண்டியது வளமான மண்ணை அன்று, நீர் வந்து தங்கும் இடத்தை. மேட்டிலிருந்து இறங்கும் காட்டோடை வேகம் தணிந்து விசிறிபோல் விரியும் அடிவாரம் ஏற்றது. ஜூலை, ஆகஸ்டு மாத இடிமழை வெள்ளம் நீரோடு வண்டலையும் அங்கே பரப்பிவிட்டுப் போகும். களிமண்ணின்மேல் மணல் படிந்த சரிவும் ஏற்றது. குளிர்காலப் பனி உருகி மணலுக்குள் இறங்கும்போது அடியிலுள்ள களி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. காய்ந்த மேல்மணல் மூடாக்காக இருந்து ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. ஓடையின் நடுவே மட்டும் விதைக்கக் கூடாது. ஒரே வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்து, களைகளை அகற்றுங்கள், ஆனால் சென்ற ஆண்டின் தட்டைகளைப் பிடுங்க வேண்டாம். அவை நின்றால் மணல் காற்றில் பறக்காது. புதுக் குழிகளை அவற்றின் இடைவெளியில் போடலாம்.

முக்கிய விதைப்பு மே மாதத்தில் தொடங்கி ஜூன் பிற்பகுதிக்குள் முடியும். காய்ந்த மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஈரமண் தட்டுப்படும்வரை நடுகோலால், அதாவது விதை நடுவதற்கான கோலால், குழி தோண்டுங்கள். ஆழம் 15 முதல் 30 சென்டிமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். சாதாரண மக்காச்சோள விதையை அவ்வளவு ஆழத்தில் போட்டால் பெரும்பாலும் முளை மேலே வராது. ஹோப்பி விதையில், விதைக்கும், முளையை மூடியிருக்கும் உறைக்கும் இடைப்பட்ட தண்டு மிக நீளமாக வளர்ந்து முளையை மேலே தள்ளுகிறது, தாவரவியலாளர் ஜி. என். காலின்ஸ் 1914-இல் இதை விவரித்து எழுதினார். ஆகவே விதை மாறினால் இந்த முறையே பயன்படாது.

ஒரு குழிக்கு 10 முதல் 20 விதைகள் இட்டு, முதலில் ஈரமண்ணாலும் அதன்மேல் காய்ந்த மணலாலும் மூடுங்கள். குழிக்குக் குழி, நடையில் ஏறத்தாழ மூன்று எட்டு வைக்கும் தூரம் இடைவெளி விடுங்கள். நிலம் வீணாவதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த வெற்றிடத்தின் ஈரத்தைத்தான் வேர்கள் குடிக்கின்றன.

முளைத்தபின் வலுவான சில செடிகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் களையுங்கள். செடிகள் உயரமின்றிப் புதர்போல நிற்கும். வெளிச்செடிகள் காற்றைத் தாங்க, உள்செடிகள் பிழைக்கும். இளஞ்செடிகளைச் சுற்றி அடிப்பகுதி நீக்கிய தகர டப்பாவை வைத்தால் மணற்காற்று அவற்றை அறுக்காது. அறுவடையில் நல்ல கதிர்களை விதைக்கு ஒதுக்கி, மழை பொய்க்கும் ஆண்டையும் கணக்கில் வைத்து, ஓராண்டுத் தேவைக்கும் கூடுதலாகச் சேமித்து வையுங்கள்.