ஓர் ஓட்டை, நான்கு வாசகர்கள்: பாதுகாப்புக் குறையைச் சரிசெய்த பின் அறிக்கை எழுதுவது எப்படி?

நான் எழுதிய முதல் திருத்த அறிக்கை நாற்பது பக்கம். குறைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் கக்கியதை அப்படியே ஒட்டி, முன்னால் ஓர் அட்டையும் பின்னால் ஒரு நன்றியும் வைத்து, நிரலாளர்கள், மேலாளர், தணிக்கையாளர் என எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மேலாளர் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. “ஆக, இப்போது நாம் கவலைப்பட வேண்டுமா, வேண்டாமா?” என்று ஒற்றை வரியில் கேட்டார். நாற்பது பக்கத்தில் அதற்கு விடை இல்லை. சற்று நேரத்தில் ஒரு நிரலாளர் வந்து, “எந்தக் கோப்பில், எந்த இடத்தில்?” என்றார். அதற்கும் விடை இல்லை.

அன்று தொடங்கி, எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதைப் படித்து முடித்ததும் இவர் என்ன முடிவெடுக்க வேண்டும்? அந்த முடிவுக்குத் தேவையானது உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கு அதைப் படிப்படியாகக் காட்டுகிறேன். முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

ஒரு வலைச்செயலி. வாடிக்கையாளர் லாகின் செய்து தன்னுடைய பில்லைப் பதிவிறக்கலாம். முகவரிப் பட்டையின் கடைசியில் 4021 என்று பில் எண் இருக்கிறது. அதை 4022 என்று மாற்றித் தட்டினால், முன்பின் தெரியாத ஒருவரின் பில் வந்து நிற்கிறது. சர்வர் “நீங்கள் யார்?” என்று கேட்கிறது, “இந்த பில் உங்களுடையதுதானா?” என்று கேட்பதில்லை. அபூர்வமான குறை என்று நினைத்துவிட வேண்டாம். வலைச்செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்து முக்கிய அபாயங்களின் பட்டியலில், இந்த வகை அணுகல் கட்டுப்பாட்டுக் குறைகள்தாம் முதலிடத்தில் இருந்தன.

முதல் படி: உண்மைத் தாள்

யாருக்கும் அனுப்பாத ஒரு தாள் முதலில் வேண்டும். எப்போது, யார் கண்டுபிடித்தது, எப்படி மீண்டும் செய்து பார்ப்பது, என்ன மாற்றப்பட்டது, அந்த மாற்றம் எப்போது நேரடிச் சர்வருக்கு (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வருக்கு) போனது, யார் மறுசோதனை செய்தது, இன்னும் என்ன பாக்கி. நிரலாளர், நிர்வாகம், தணிக்கையாளர், வாடிக்கையாளர் என நான்கு வாசகர்களுக்கான நான்கு அறிக்கைகளும் இந்த ஒரே தாளிலிருந்துதான் பிறக்க வேண்டும். மேலாளருக்குச் சொன்ன தேதி ஒன்று, தணிக்கையாளருக்குச் சொன்னது வேறொன்று என்றால், பிறகு நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

புதியவர்கள் அநேகமாக மறப்பது, “இந்த ஓட்டை எப்போதிலிருந்து இருக்கிறது?” என்ற கேள்வியை. கண்டுபிடித்த நாள் வேறு, ஓட்டை விழுந்த நாள் வேறு. நிரல் வரலாற்றில் அந்த வரி எந்த நாளில் சேர்ந்தது என்று தேடி எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள். நாளைக்கு எல்லோரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இன்னொன்று, தெரிந்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதுங்கள். “இந்தக் குறையை யாரும் பயன்படுத்தவில்லை” என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள். யார் எதைக் கேட்டார் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகள் உங்களிடம் 90 நாளுக்கு மட்டும் இருந்தால், சொல்லக்கூடியது இவ்வளவுதான்: “கைவசமுள்ள 90 நாள் பதிவுகளில், ஒரே கணக்கிலிருந்து பிறருடைய பில்கள் கேட்கப்பட்டதற்கான தடயம் இல்லை. அதற்கு முந்தைய பதிவுகள் கைவசம் இல்லை.” ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்ற முதல் கூற்று நிம்மதி தருகிறது, ஆனால் ஒரு பழைய காப்புப் பதிவு கிடைத்தால் பொய்யாகிவிடும். 90 நாள் என்று வரம்பு சொல்லும் இரண்டாவது கூற்று அப்போதும் நிற்கும்.

இரண்டாம் படி: நிரலாளருக்கு

அவர் எடுக்க வேண்டிய முடிவு: எதை மாற்றுவது, மாற்றியது சரியா என்று எப்படி அறிவது. “அணுகல் கட்டுப்பாட்டை வலுப்படுத்தவும்” என்று எழுதினால் அவர் தலையைச் சொறிந்துகொள்வார். இப்படி எழுதிப் பாருங்கள் (இதில் வரும் 200, 404 ஆகியவை சர்வர் தரும் பதில் எண்கள்: 200 என்றால் ‘இதோ’, 404 என்றால் ‘அப்படி எதுவும் இல்லை’):

“பில் பதிவிறக்கும் பகுதி, பில் எண்ணை மட்டும் வைத்துத் தரவுத்தளத்தில் தேடுகிறது. லாகின் செய்தவரின் வாடிக்கையாளர் எண்ணையும் தேடலில் சேர்க்கவும். அந்த எண்ணைச் சர்வரில் உள்ள அமர்விலிருந்து (லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பிலிருந்து) எடுக்கவும். உலாவி அனுப்புவதை நம்ப வேண்டாம். சோதனை: முதல் சோதனைக் கணக்கில் நுழைந்து, இரண்டாவது கணக்கின் பில்லைக் கேட்டால் 200 வரக் கூடாது, 404 வர வேண்டும். சொந்த பில்லைக் கேட்டால் முன்போலவே 200 வர வேண்டும்.”

ஏன் 403 இல்லை என்று யாராவது கேட்பார்கள். 403 “இருக்கிறது, உனக்குத் தர மாட்டேன்” என்கிறது. அந்த எண்ணில் ஒரு பில் இருப்பதே அதில் தெரிந்துவிடும். 404 அதைக்கூடச் சொல்லாது. இந்த மாதிரிக் காரணங்களை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். காரணம் தெரியாத விதியை அடுத்த ஆறு மாதத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு மாற்றிவிடுவார்கள்.

எது தீர்வாகாது என்பதும் இங்கே வர வேண்டும். 4021க்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட குறியீட்டை வைத்தால் போதுமே என்ற யோசனை நிச்சயம் வரும். முகவரி ஒரு மின்னஞ்சலிலோ உலாவியின் வரலாற்றிலோ கசிந்தால் கதை முடிந்தது. சர்வர் அப்போதும் உரிமையைக் கேட்கவில்லை. கடைசியாக, உடன்பிறந்த ஓட்டைகள்: ரசீது, முகவரி மாற்றம், பழைய கைப்பேசிச் செயலி பேசும் இடைமுகம். ஒரே கையால் எழுதப்பட்ட நிரலில் ஒரே பிழை பல இடங்களில் இருக்கும். எங்கெங்கே பார்த்தீர்கள், எங்கே பார்க்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதியவரின் பெயரை மட்டும் தவிருங்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர் அடுத்த குறையை வாய் திறந்து சொல்ல மாட்டார்.

மூன்றாம் படி: நிர்வாகத்துக்கு

அரைப் பக்கம் போதும். இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் இடம் மதிப்பெண். குறைகளின் கடுமைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் சிவிஎஸ்எஸ் 3.1 முறையில் நம் உதாரணத்தைக் கணக்கிட்டால் (இணையம் வழியே எட்டலாம், எளிது, சாதாரண லாகின் போதும், ரகசியம் முழுதும் போகிறது, எதையும் மாற்றவோ முடக்கவோ முடியாது) 6.5 வருகிறது. 4.0 முதல் 6.9 வரை “நடுத்தரம்”. அந்தச் சொல்லை மட்டும் பார்க்கும் மேலாளர் இதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவிடுவார். ஆனால் எல்லா வாடிக்கையாளரின் பில்லும் ஒரு லாகினில் கிடைக்கிறது என்பது அவருக்கு நடுத்தரமான செய்தியா? அந்த மதிப்பெண் குறையின் தன்மையை அளக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது உங்கள் வேலை:

“லாகின் உள்ள எவரும் பிற வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, பில் தொகையைப் பார்க்க முடிந்தது. வலைத்தளத்தில் நேற்று அடைக்கப்பட்டு, மறுசோதனை செய்யப்பட்டது. பழைய கைப்பேசிச் செயலியில் இன்னும் திறந்திருக்கிறது. உங்களிடமிருந்து தேவை: அந்தச் செயலியை இன்றே நிறுத்தலாமா, அல்லது திருத்தம் வரும்வரை ஐந்து நாள் இந்த அபாயத்தை ஏற்கிறீர்களா?”

கேள்வியில் முடிகிறது, கவனியுங்கள். முடிவெடுக்க வேண்டியவருக்குத் தகவலை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வந்தால், எவரும் முடிவெடுக்காமலே ஐந்து நாள் ஓடிவிடும்.

நான்காம் படி: தணிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும்

தணிக்கையாளருக்கு உரைநடை வேண்டாம். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஒரு சான்று: வேலைப் பதிவின் டிக்கெட் எண், மாற்றம் நேரடிச் சர்வருக்குப் போன நேரம், திருத்துமுன்னும் பின்னும் எடுத்த திரைப்பிடிப்பு, பாக்கி அபாயத்தை ஏற்றவரின் ஒப்புதல். ஒரு கண்ணி: திருத்துமுன் எடுத்த திரைப்பிடிப்பில் நிஜமான வாடிக்கையாளர் ஒருவரின் பில் தெரிந்தால், உங்கள் அறிக்கையே இரண்டாவது கசிவு. எப்போதும் சோதனைக் கணக்குகளையே பயன்படுத்துங்கள்.

வாடிக்கையாளருக்கு எழுதுவதைச் சட்டப் பிரிவு பார்க்காமல் அனுப்பாதீர்கள். அவர் கேட்பது இரண்டே கேள்வி: என்னுடையது போனதா, நான் என்ன செய்ய வேண்டும்? “தங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை நோக்கம்” என்று தொடங்கும் கடிதத்தை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

ஐந்தாம் படி: “சரிசெய்யப்பட்டது” என்ற சொல்லைப் பிரித்து எழுதுங்கள்

இந்தத் தொழிலில் இவ்வளவு அவசரமாகப் பயன்படுத்தப்படும் சொல் வேறில்லை. 2021 டிசம்பரில் பல செயலிகள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் சிவிஇ-2021-44228 என்ற பட்டியல் எண் கொண்ட குறை வெளியானபோது, 2.15.0 பதிப்புக்கு மாறச் சொன்னார்கள். மாறியவர்கள் “சரிசெய்யப்பட்டது” என்று எழுதினார்கள். சில நாட்களில் அந்தத் திருத்தம் சில அமைப்புகளில் முழுமையில்லை என்று தெரிந்து 2.16.0 வந்தது. பிறகு 2.17.0; மாதம் முடிவதற்குள் 2.17.1. பதிப்பு எண்ணும் தேதியும் இல்லாமல் எழுதப்பட்ட அறிக்கை எந்த நிலையைச் சொல்கிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

2014இல் வெளியான ஹார்ட்பிளீட் என்ற குறை வேறு பாடம். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1ஜி பதிப்பை நிறுவினால் ஓட்டை அடைபடும்; ஆனால் அதற்கு முன்பே நினைவகத்திலிருந்து கசிந்திருக்கக்கூடிய ரகசியத் திறவுகோல் திரும்பி வராது. புதிய திறவுகோல், புதிய சான்றிதழ், பழையதை ரத்துசெய்தல் என்று வேலை நீண்டது.

ஆகவே நான் நான்கு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறேன்: தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது, திருத்தம் நிறுவப்பட்டது, மறுசோதனையில் உறுதியானது, அபாயம் ஏற்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. நிரலைத் தொடாமல், சர்வருக்கு முன்னால் உள்ள ஃபயர்வாலில் ஒரு விதியைப் போட்டுக் கோரிக்கைகளை மறித்திருந்தால் அது முதல் வகை. அதை இரண்டாவதாக எழுதும் ஆசையை அடக்குங்கள்.

ஆறாம் படி: அனுப்புதல்

2017 மார்ச்சில், வலைச்செயலிகளைக் கட்ட உதவும் அபாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஒரு குறைக்குத் திருத்தம் வந்ததும், ஈக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்துக்குள் 48 மணி நேரத்தில் அதை நிறுவுமாறு மின்னஞ்சல் போனது. பெறுநர் பட்டியல் பழையது. நிறுவ வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அந்த வழியாக வெளியேறின.

அறிக்கையை அனுப்புமுன், பாக்கி வேலை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதா, அவர் இன்னும் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறாரா என்று பாருங்கள். மீண்டும் செய்துகாட்டும் விவரங்கள் கொண்ட நிரலாளர் பிரதியைக் குழு மின்னஞ்சலில் போடாமல், அனுமதியுள்ளவர்கள் மட்டும் திறக்கக்கூடிய இடத்தில் வைத்து இணைப்பை அனுப்புங்கள். “கிடைத்தது, என் வேலை இது” என்று ஒரு வரி பதில் கேளுங்கள். மறுநாள் காலைக்குள் பதில் வராத பெயரைத் தொலைபேசியில் அழையுங்கள்.