இரு பருவமழைகளுக்கு இடையில் இலங்கைப் பயணம்: மட்டக்களப்பிலிருந்து ஒரு திட்டம்

வெளிநாடுகளில் வாழும் உறவினர்களும் தமிழ்நாட்டு நண்பர்களும் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலோ டிசம்பரிலோதான் இலங்கைக்கு வருகிறார்கள். முதலாவது காலத்தில் விடுதிகளின் கட்டணம் ஏறிவிடுகிறது, ரயிலில் இருக்கை கிடைப்பதில்லை. இரண்டாவது காலமோ கிழக்குக் கரைக்கு அடைமழைக் காலம். இவ்விரண்டுக்கும் இடையே, மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரையிலும், செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் முதல் வாரம் வரையிலும் இரண்டு நல்ல இடைவெளிகள் இருக்கின்றன. மட்டக்களப்பையோ அம்பாறையையோ தங்குமிடமாக வைத்துக்கொண்டு, கடல், களப்பு (கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி), காடு, மலை ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோர் அந்த இடைவெளிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

திட்டமிடுவதற்கு முன் காற்றின் போக்கை அறிந்துகொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த நிலையில் ஊவா மாகாணத்தைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. நமது வயல்வெளிகளைக் காயவைக்கும் கச்சான் காற்று அதுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பதும் அதே வறண்ட காற்றுத்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகி, மழை நம் பக்கம் வருகிறது. ஆகவே மேற்குச் சரிவிலுள்ள ஹட்டனில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாத அதே வாரத்தில் ஊவாவிலுள்ள பதுளையில் வெயில் காயலாம். நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நல்ல மாதத்தைத் தேடுவதைக் காட்டிலும், நீங்கள் வரும் மாதத்தில் எந்தப் பக்கம் காய்ந்திருக்கும் என்று பார்த்து வழியை அமைப்பதே பயன்தரும்.

பொதுவான பயண வழிகாட்டிகள் பல செப்டெம்பர் முதல் நவம்பர் வரையிலான மூன்று மாதங்களையும் ஒரே இடைக்காலமாகச் சேர்த்துவிடுகின்றன. கிழக்கைப் பொறுத்தவரை இது ஆபத்தான கணக்கு. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து பிற்பகல் இடிமழை தீவு முழுவதும் பரவுகிறது. நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. மட்டக்களப்பை நிலைகுலையச் செய்த சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2025ஆம் ஆண்டும் நவம்பர் இறுதியில்தான் டிட்வா புயல் வந்து, மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தி, ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. நவம்பரில் விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கிழக்குக்கோ ஊவாவுக்கோ புறப்பட வேண்டாம்.

இரண்டு இடைவெளிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் செப்டெம்பரையே சொல்வேன். பாசிக்குடாவில் கடல் இன்னும் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்த பின்னரும் நீர் இடுப்பளவைத் தாண்டாத அந்தக் குடாவில் சிறுவர்களை அச்சமின்றிக் குளிக்கவிடலாம். பொத்துவிலருகே அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு வருவோரின் கூட்டம் குறையத் தொடங்கினாலும் அலை குறைந்திருக்காது. பொலன்னறுவை வழியாக வருவோர் மின்னேரியாவில் இறங்கலாம். வறட்சியில் சுருங்கிய குளத்தின் ஓரத்தில் முளைக்கும் புல்லைத் தேடி ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் யானைகள் பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. இந்த மாதத்தின் குறை ஒன்றும் உண்டு: யால தேசியப் பூங்காவின் முதலாம் வலயம் பெரும்பாலும் செப்டெம்பரில் மூடப்படுவதால், அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

செப்டெம்பருக்கான வழி வட்டமாக அமைவது நல்லது. கொழும்பிலிருந்து ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, முதல் இரண்டு மூன்று நாட்களைக் களப்புக்கும் பாசிக்குடாவுக்கும் ஒதுக்குங்கள். நிலவுள்ள அமைதியான இரவு கிடைத்தால், கல்லடிப் பாலத்தருகே தோணி ஒன்றை அமர்த்திக்கொண்டு, துடுப்பை நீரில் இறக்கி அதன் பிடியில் காதை வைத்துப் பாடும் மீனின் ஒலிக்காகக் காத்திருக்கலாம். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையே அதற்குரிய காலம் என்பார்கள். பின்னர் கல்முனை, அக்கரைப்பற்று வழியாகத் தெற்கே பொத்துவிலுக்குச் சென்று அங்கே தங்கி, ஒரு நாள் பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலுக்கும் அதற்கு அப்பாலுள்ள குமண பூங்காவுக்கும் போய்வரலாம். அங்கிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக மேற்கே திரும்பினால், வெல்லவாயவிலிருந்து எல்ல வரையுள்ள 30 கிலோமீற்றருக்கும் குறைந்த ஏற்றத்தில் வெப்பம் தணிந்து, 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர் வந்துவிடும். எல்லவில் இரண்டு இரவுகள் போதும். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிட்டால் பிற்பாடு சேரும் நெரிசலில் நிற்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியை அவசரப்படாமல் செய்யுங்கள். பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் வீதியைச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆனால் இந்த நாட்டின் நில அமைப்பு எப்படி மாறுகிறது என்பதை அரை நாளில் காட்டும் வீதி அதுவே என்பது என் உறுதியான கருத்து. பசறையிலும் லுணுகலையிலும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளும் சிறு கோயில்களும் தெரியும். தேநீர்க் கடையில் நின்றால் மலையகத் தமிழ் காதில் விழும். பிபிலையை அடையும்போது தேயிலை மறைந்து தோடம்பழத் தோட்டங்களும் உலர்ந்த காடும் தொடங்கிவிடும். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. பக்கம் பக்கமாகக் கட்டப்பட்ட சிறு கிணறுகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. ஒன்றில் தாராளமாகக் கை வைக்கலாம், அருகிலுள்ள மற்றொன்றில் விரல் நுனியைக்கூட வைக்க முடியாது என்பதால் சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும். அதன் பின் புலிபாய்ந்தகல், கரடியனாறு என்று வயல்வெளிக்குள் இறங்கிக் கறுத்தப் பாலத்தைக் கடந்தால் செங்கலடி வந்துவிடும். மகாஓயாவை அண்டிய காட்டுப் பகுதிகளில் மாலையில் யானைகள் வீதிக்கு வருவதால், பதுளையிலிருந்து மதியத்திற்கு முன் புறப்படுங்கள்.

மார்ச் மாதத்தில் வருவோருக்கு வேறு வகையான வழி பொருந்தும். அப்போது மேற்குச் சரிவுகளும் உயர்ந்த மலைகளும் ஓரளவு காய்ந்திருப்பதால் நுவரெலியாவையும் ஹோட்டன் சமவெளியையும் சேர்த்துக்கொள்ளலாம். சமவெளியின் ‘உலக முடிவு’ எனும் செங்குத்துப் பாறை விளிம்பில் முற்பகலிலேயே மூடுபனி ஏறிவிடுவதால் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்க வேண்டும். சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலமும் டிசம்பர் முதல் மே வரை என்பதால் இம்மாதத்தில் அடங்கும். கிழக்கில் மார்ச்சுக்கு உரிய இடம் கல்லோயா. 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் நடுவிலுள்ள சேனாநாயக்க சமுத்திரம் மாரிமழைக்குப் பின் நிறைந்திருக்கும். இங்கினியாகலையிலிருந்து படகில் சென்றால் தீவுக்குத் தீவு நீந்திக் கடக்கும் யானைகளைக் காணும் வாய்ப்பு உண்டு. செப்டெம்பரில் நீர் வற்றிவிடுவதால் இந்தப் பயணம் அவ்வளவு சிறப்பாக அமையாது. அறுகம்குடாவில் பல விடுதிகள் மார்ச்சில் இன்னும் திறந்திருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மார்ச் பயணத்தை எப்படியும் ஏப்ரல் 8ஆம் திகதியளவில் முடித்துக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பஸ்களிலும் ரயில்களிலும் நிற்க இடமிருக்காது, வாகனச் சாரதிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டத்தால் அறைக் கட்டணம் பன்மடங்காகும். அதே நாட்களில் சூரியனும் உச்சிக்கு நேரே நிற்பதால் கரையோரத்தில் நண்பகல் நடமாட்டம் கடினம். நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களில் அம்மாதத்தில் பகல் நேர உணவுக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மாலையில் நோன்பு திறந்த பின் கடைத்தெருக்கள் களைகட்டும். அப்போது வருவோர் மதிய உணவைக் கையில் எடுத்துச் செல்வதே நல்லது.

எந்த மாதமானாலும் வெளிவேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ள வேண்டும். களப்பில் காலைவேளையில் நீர் அசையாமல் கிடக்கும். முற்பகல் கடந்து கடற்காற்று எழுந்ததும் சிறு தோணிகள் ஆடத் தொடங்கும். மலைநாட்டில் இடைப்பருவ மழை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர்தான் இடியோடு வருகிறது. இடி முழங்கும் நேரத்தில் வெட்டவெளியிலோ வயல்வரம்பிலோ நீரிலோ நிற்க வேண்டாம்.

ரயில் இருக்கைகளுக்கான முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கப்படுகிறது; எல்ல பக்கம் போகும் ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் தினமே முயல வேண்டும். மலையகப் பாதையில் ரயில் எதுவரை ஓடுகிறது என்பதையும் முதலில் நிலையத்தில் உறுதிப்படுத்துங்கள். அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் கிடையாது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் பக்கம் பஸ்கள் ஓடுகின்றன. குடும்பமாக வருவோர் வான் ஒன்றை முழு வட்டத்துக்கும் பேசிக்கொண்டால், நாளுக்கு நாள் வாகனம் தேடும் அலைச்சல் மிச்சமாகும். வாடகை பேசும்போது எரிபொருள், சாரதியின் இரவுத் தங்கல், உணவு ஆகியவை அதில் அடங்குமா என்று கேட்டுத் தெளிவாக்குங்கள்.

பையில் பருத்தி ஆடைகளோடு ஒரு கம்பளிச் சட்டையும், இலேசான மழைச்சட்டையும், கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் ஏற்ற முழங்கால் மறைக்கும் உடையும் இருக்கட்டும். மலைப் பகுதிக்கு ஏறுவதற்கு முந்திய மாலையில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். பசறைக்கோ எல்லவுக்கோ எச்சரிக்கை இருந்தால், அந்த இரவைப் பொத்துவிலிலோ மட்டக்களப்பிலோ கழித்து, மலையை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். இதற்கு இடமிருக்கும்படி, விமானத்துக்கு முந்திய இரண்டு நாட்களையாவது எந்த முன்பதிவும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டும்.