கலிபோர்னியாவில் வேலையின்மை உதவித்தொகை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வது எப்படி?

தவறான நடத்தைக்காக நீக்கினோம் என்று நிறுவனம் சொல்லி, அதை ஏற்று இடிடி (உதவித்தொகையைக் கவனிக்கும் மாநில வேலைவாய்ப்புத் துறை, EDD) உதவித்தொகையை மறுத்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நான் மேல்முறையீடு செய்துதான் என் தொகையைப் பெற்றேன்.

முதல் வேலை, கெடுவைக் குறித்துக்கொள்வது. மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 30 நாள். கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. டிஇ 1000எம் (DE 1000M) என்ற மேல்முறையீட்டுப் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் முழுக்கதையும் வேண்டாம். "நான் செய்தது தவறான நடத்தை அல்ல, இந்த முடிவை ஏற்கவில்லை" என்றால் போதும். நான் சர்டிஃபைட் மெயிலைத்தான் பரிந்துரைப்பேன், அனுப்பியதற்கு ரசீது கையில் இருக்கும்.

அடுத்தது, மேல்முறையீடு நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடிடிக்குச் சான்றளிப்பதை (அந்த வாரங்களில் உதவித்தொகைக்குத் தகுதியாக இருந்தேன் என்று உறுதிசெய்வதை) நிறுத்தாதீர்கள். ஜெயித்தாலும் சான்றளித்த வாரங்களுக்குத்தான் பணம் வரும்.

இனி விசாரணை. பெரும்பாலும் தொலைபேசியில், நிர்வாகச் சட்ட நீதிபதி முன் நடக்கும். தவறான நடத்தையை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். உங்களை நீக்கியது சரியா என்பது அங்கே கேள்வியே இல்லை. வேண்டுமென்றே நிறுவனத்தின் நலனைப் புறக்கணித்தீர்களா என்பதுதான் கேள்வி. 1959-இல் வந்த மேவுட் கிளாஸ் வழக்குத் தீர்ப்பின்படி திறமைக்குறைவு, எப்போதோ ஒருமுறை நேர்ந்த சாதாரணக் கவனக்குறைவு, நல்லெண்ணத்தோடு எடுத்துத் தவறிப்போன முடிவு எதுவுமே தவறான நடத்தை ஆகாது. உங்கள் சம்பவம் இதில் எதற்குள் வருகிறது என்று பாருங்கள்.

விசாரணைக்கு முன்பே உங்கள் வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறுவனம் என்ன எழுதிக்கொடுத்தது என்பது அதில் இருக்கும். அப்புறம் நடந்ததைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். போனில் பேசிக்கொண்டே அதே போனில் தேடுவது சரிவராது, தாள்தான் நல்லது. விசாரணையில் நிறுவனத்தின் சாட்சியிடம் தவறாமல் கேளுங்கள்: "இதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா? இதற்கு முன் எனக்கு எச்சரிக்கை கொடுத்தீர்களா?" என் விசாரணையில் பேசியவர் ஹெச்ஆர் மேலாளர் மட்டுமே, சம்பவத்தன்று அவர் அலுவலகத்திலேயே இல்லை. அது எனக்குப் பெரிதும் உதவியது.

பின்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதால் சொல்கிறேன். ஆங்கிலத்தில் தயக்கமா? மொழிபெயர்ப்பாளர் இலவசம், முன்கூட்டியே கேளுங்கள். 30 நாள் தாண்டிவிட்டதா? தக்க காரணம் காட்டினால் நீதிபதி ஏற்கலாம், அதனால் அனுப்பிவிடுங்கள். விசாரணையில் தோற்றால் இன்னொரு 30 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே புதிய ஆதாரத்தை எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே கையில் இருப்பதையெல்லாம் முதல் விசாரணையிலேயே கொடுத்துவிடுங்கள்.