செரோக்கிக்கு மலிவான பின் ஆக்சில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1984 முதல் 2001 மாடல் வரை வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் செல்லப்பிள்ளை. பல எக்ஸ்ஜேக்களில் பின்னால் இருக்கும் டானா 35 ஆக்சில்தான் அதன் பலவீனம். 33 அங்குல டயரும், இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் லாக்கரும் போட்டுப் பாறையில் ஏற்றினால் அதன் 27 ஸ்பிளைன் (முனையில் உள்ள பல்வரி) ஷாஃப்ட் ரொம்ப நாள் தாங்காது. எல்லோரும் சொல்லும் மருந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சில். ஷாஃப்டில் 31 ஸ்பிளைன், 1995 முதல் டிஸ்க் பிரேக், சக்கரம் மாட்ட ஜீப்பில் உள்ள அதே ஐந்து போல்ட், 4.5 அங்குல வட்ட அமைப்பு. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டில் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. அந்த விலையை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள்தான் கடைசியில் அதைப்போல மூன்று மடங்கு செலவழிக்கிறார்கள்.

முதலில், அந்த 8.8 உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். டயர் 31 அங்குலத்தோடு நிற்கப் போகிறது என்றால், 1997-க்குப் பிந்தைய எக்ஸ்ஜேக்களில் வந்த 29 ஸ்பிளைன் கிரைஸ்லர் 8.25 ஆக்சில் போதும். அதே வண்டியிலிருந்து வருவதால் வெல்டிங் கிடையாது. போல்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். ஏபிஎஸ் உள்ள எக்ஸ்ஜேயில் இதைத் தேட வேண்டாம், அவற்றில் டானா 35 தான் போட்டார்கள். ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கவரின் அடி விளிம்பு நேர்கோடாக இருந்தால் 8.25, கவர் நீள்வட்டமாக இருந்தால் டானா 35. யார்டில் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். டிரம் பிரேக்தானே என்று அலட்சியப்படுத்துகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு இதுவே சரியான ஆக்சில்.

8.8 தான் என்று முடிவு செய்துவிட்டால், காசு அதிகம் போவது கியர் விகிதத்தில், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதில். நாலு சக்கர இழுவையில், எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் டிரைவ் ஷாஃப்டையும் பின் டிரைவ் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டு ஆக்சிலிலும் விகிதம் வேறாக இருந்தால் ஒன்றை ஒன்று முறுக்கி, ஏதோ ஒன்று உடையும். 4.0 லிட்டர் ஆட்டோமேட்டிக் எக்ஸ்ஜேயில் பெரும்பாலும் 3.55, மேனுவலில் 3.07. எக்ஸ்ப்ளோரரில் 3.55, 3.73, 4.10 மூன்றும் உண்டு. 4.10 கிடைத்தது என்று சந்தோஷமாகத் தூக்கிவந்து, பிறகு முன்னால் இருக்கும் டானா 30 ஆக்சிலில் கிரௌன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரத்தையும் மாற்றக் கடைக்குப் போனால், பின் ஆக்சிலின் விலையை விடக் கூலி அதிகமாக வரும். அதோடு டானா 30-இல் 3.55 வரைக்கும் ஒரு கேரியர் (கிரௌனைத் தாங்கும் பகுதி), 3.73-இலிருந்து வேறு கேரியர். அதுவும் சேரும்.

ஆகவே உங்கள் முன் ஆக்சில் 3.55 என்றால் 3.55 எக்ஸ்ப்ளோரரையே தேடுங்கள். 4.10 வேண்டியே தீரும் என்றால், கியர் மாற்றாமல், 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் 4x4 செரோக்கியிலிருந்து 4.10 முன் ஆக்சிலை முழுசாகவே வாங்குவது பெரும்பாலும் மலிவு.

விகிதத்தை யார்டில் கேட்டு நம்பாதீர்கள். டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு இருக்கும். அது டி (D) என்ற எழுத்தில் தொடங்கினால் லிமிட்டெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் வகை. டிஃபரன்ஷியல் கவர் போல்ட்டில் தொங்கும் தகட்டில் 3-க்கும் 73-க்கும் நடுவே எல் (L) என்ற எழுத்து இருந்தால், 3.73 லிமிட்டெட் ஸ்லிப். இரண்டும் இல்லையா, கவரைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள். கிரௌனில் 41, பினியனில் 11 என்றால் 3.73.

நான்கு கதவு எக்ஸ்ப்ளோரரில் 2002 முதல் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன், அது உதவாது. பெரும்பாலான ரேஞ்சர் பிக்கப்களின் 8.8-இல் 28 ஸ்பிளைன்தான். 1997 முதல் 2001 வரையிலான மெர்க்குரி மவுன்டனீரை மறந்துவிடாதீர்கள். ஆக்சில் அதேதான், தேடுகிறவர்கள் குறைவு.

கவரைக் கழற்றியாகிவிட்டது என்றால் ஷாஃப்டையும் உருவிப் பாருங்கள். இந்த ஆக்சிலில் வீல் பேரிங்குக்கு உள் வளையம் கிடையாது. உருளைகள் நேராக ஷாஃப்ட் மேலேயே ஓடும். குறுக்குப் பின்னை எடுத்து, ஷாஃப்டை உள்ளே தள்ளி, அதைப் பிடித்திருக்கும் சி-கிளிப்பைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். பேரிங் ஓடிய இடத்தைத் துடைத்து நகத்தால் வருடுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் அந்த ஷாஃப்ட் வேண்டாம். அப்புறம், பின் சக்கரத்தில் அடி வாங்கிய வண்டியின் ஆக்சிலைத் தொடாதீர்கள். ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) வளைந்திருந்தால் வெளியே தெரியாது, டயர் தேயும்போதுதான் தெரியும்.

அடுத்து, சில்லறைச் சாமான். ஃபோர்டு பினியனில் வட்ட ஃப்ளாஞ்ச் (போல்ட் மாட்டும் தட்டு) இருக்கிறது, ஜீப் டிரைவ் ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பான யூ-ஜாயின்ட் அதில் நேராக உட்காராது. எக்ஸ்ப்ளோரரின் டிரைவ் ஷாஃப்ட் முனையில் இருக்கும் ஃப்ளாஞ்சையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு போல்ட்டும் பன்னிரண்டு முனை, 12 மில்லிமீட்டர். அந்த சாக்கெட் இல்லாமல் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அந்த ஃப்ளாஞ்சில் உட்காரும் பெரிய ஜாயின்ட்டையும் ஜீப்பின் சின்ன ஜாயின்ட்டையும் இணைக்கும் கலப்பு யூ-ஜாயின்ட் புதிதாகவே மலிவு. பினியன் நட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், உள்ளே நசுங்கும் ஸ்லீவ் வைத்துத்தான் பேரிங் இறுக்கம் அமைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் கேபிள், காலிப்பர், பிரேக் ஹோஸ், அந்த ஹோஸைப் பிடித்திருக்கும் காற்றுத்துளை போல்ட் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வாருங்கள். விலைப்பட்டியலில் ஆக்சில் என்று போட்டிருப்பதில் பிரேக்கும் அடங்குமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

எப்படியும் வெல்டிங் உண்டு. 8.8-இன் குழாய் 3.25 அங்குலம். ஜீப்பின் பழைய ஸ்பிரிங் இருக்கையும் யூ-போல்ட்டும் அதற்குச் சேராது. அந்த அளவுக்குப் புதிதாக வாங்க வேண்டும். பினியன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும் என்பதால், டிஃபரன்ஷியலிலிருந்து அளக்காமல் இரண்டு சக்கர முகப்பிலிருந்தும் அளந்து இருக்கையை வையுங்கள். முதலில் புள்ளி வெல்டு மட்டும். வண்டியின் முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கி, பினியன் கோணத்தைச் சரிபார்த்த பிறகுதான் முழு வெல்டு. சாதாரண டிரைவ் ஷாஃப்ட் என்றால், பினியனும் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

பில்லில் கோர் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால், அது பழைய ஆக்சிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம். ஃபோர்டு ஆக்சிலுக்கு ஜீப்பின் டானா 35-ஐ ஏற்பார்களா, எத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பணம் கட்டும்போதே கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.