அலைக்குப் போறதுக்கு முதல் சப் போர்டு எந்த சைஸ்ல வாங்குறது

சென்னை பக்கத்துல இருக்கிற கோவளம் பீச்சுல காலைல ஆறரை மணிக்கு போய் நின்னு பாருங்க, சர்ஃப் போர்டுல படுத்துக்கிட்டு கையால துழாவிட்டு போற பசங்களுக்கு நடுவுல ஒருத்தர் ரெண்டு பேரு பெரிய போர்டுல நின்னுக்கிட்டே துடுப்பு போட்டுட்டு போவாங்க (அதுதான் சப், ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு), அலை வந்ததும் ரெண்டு வலி வலிச்சு அப்படியே இறங்கி வருவாங்க. அத பாத்தா யாருக்குமே கை அரிக்கும். எனக்கும் அரிச்சுது. மூணு தடவ வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டு, அவ்ளோதான் வந்துடுச்சுன்னு நெனச்சு, ஊர காலி பண்ணிட்டு போற ஒருத்தர்கிட்ட இருந்து எட்டடி ஆறு இன்ச் போர்டு ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினேன். பாக்க செம அழகு, மெலிசா, மூக்கு கூர்மையா, அகலம் 29 இன்ச், 115 லிட்டர். நான் அப்போ 84 கிலோ.

முதல் நாள் நாப்பது நிமிஷம் கடல்ல இருந்தேன். கரையில டீ குடிச்சிட்டு உக்காந்திருந்த என் மச்சினன் வெளிய வந்ததும் சொன்னான், "மாமா, முப்பத்தொண்ணு. எண்ணிட்டே இருந்தேன்." விழுந்த கணக்கு. அலை புடிச்ச கணக்கு கேக்காதீங்க, சைபர். அந்த 115 லிட்டர் போர்டு மேல நான் நின்னா மிதக்கும், மூழ்காது, ஆனா ஒரு பக்கம் லேசா சாஞ்சாலும் தண்ணி டெக் மேல, அதான் நாம நிக்கிற மேல்பக்கத்துல, ஏறிடும், ஏறின தண்ணி அந்த பக்கத்த இன்னும் அமுக்கும், நான் தொபுக்கடீர். ரெண்டு மாசம் போராடிட்டு நஷ்டத்துக்கு வித்தேன். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதுதான் இது.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. சாதாரண சர்ஃப் போர்டுல அலைக்கு காத்திருக்கும்போது அது மேல உக்காந்துக்கலாம், போர்டு பாதி தண்ணிக்குள்ள போனாலும் பிரச்சன இல்ல, அலையோட வேகம் வந்ததும் அதுவே தூக்கிடும். அதனாலதான் 75 கிலோ ஆளு 35 லிட்டர் போர்டுல கூட சர்ஃப் பண்றாரு. சப்புல அப்படி கிடையாது, வேகமே இல்லாம, சும்மா நிக்கும்போதே உங்கள தாங்கணும். அலைல ஓடுறது பத்து செகண்டு, அந்த அலைக்காக ஆடி ஆடி நிக்கிறது பத்து நிமிஷம், நீங்க போர்டு வாங்குறது அந்த பத்து நிமிஷத்துக்கு. கடைல போய் நின்னா எல்லாரும் இத தலைகீழா யோசிக்கிறாங்க, நானும் அப்படித்தான் யோசிச்சேன், வீடியோல பாத்த ஆளு எப்படி திருப்புறாருன்னு பாத்து வாங்கினேன், அவரு எப்படி நிக்கிறாருன்னு பாக்கல.

சரி, லிட்டர் கணக்குக்கு வருவோம். போர்டோட அடில, வால் பக்கம் இல்லாட்டி நடுவுல, சின்ன எழுத்துல நாலு நம்பர் போட்டிருப்பாங்க. நீளம், அகலம், தடிமன், கடைசில லிட்டர். ரொம்ப பேரு முதல் நம்பர மட்டும் பாத்துட்டு "பத்தடி போர்டு"ன்னு சொல்லுவாங்க, நீங்க கடைசில இருந்து பின்னாடி படிச்சுட்டு வாங்க. முதல்ல லிட்டர், அப்புறம் அகலம், நீளம் கடைசி.

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோன்னு ஸ்கூல்ல படிச்சதுதான், கடல் தண்ணி கொஞ்சூண்டு கூடுதல் கனம், அவ்ளோதான் வித்தியாசம். ஆக 115 லிட்டர் போர்டு முழுசா முங்குற வரைக்கும் கிட்டத்தட்ட 115 கிலோ தாங்கும், ஆனா அதுல போர்டோட எடையே எட்டு பத்து கிலோ போயிடும், உங்க ஈர டீ ஷர்ட், துடுப்பு, லீஷ் (போர்ட உங்க காலோட கட்டுற கயிறு) எல்லாம் சேத்தா இன்னும் ஒரு ரெண்டு கிலோ. என் கணக்குல மிச்சம் சுமாரா இருபது லிட்டர்தான். புதுசா அலைக்கு போறவங்க உடம்பு எடைய 1.8 ஆலயோ 2 ஆலயோ பெருக்கிக்கோங்க, அதுதான் தொடங்குறதுக்கு சரியான லிட்டர். 60 கிலோன்னா 110ல இருந்து 120. 75 கிலோன்னா 135ல இருந்து 150. 90 கிலோன்னா 160க்கு மேல. இதுவே நல்லா பழகினவங்க எடைய விட கொஞ்சம் கூட இருக்கிற லிட்டர்லயே சமாளிப்பாங்க, 75 கிலோ ஆளு 90 லிட்டர்ல ஜாலியா போவாரு, அத பாத்து ஏமாறாதீங்க. எடைன்னா இன்னைக்கு இருக்கிற எடை, ஜிம்முக்கு சேந்து ஜனவரிக்குள்ள குறைக்கப் போற எடை இல்ல, இத சொல்றதுக்கு எனக்கு தகுதி இருக்கு. சர்ஃபிங் முன்னாடியே தெரியும், ஸ்கேட் போர்டு விடுவேன்னா 1.6க்கு இறங்கலாம். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல, முட்டி வலி இருக்கு, பேலன்ஸ் சுமார்னா 2லயே நில்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அகலம். லிட்டர் சரியா இருந்தும் சிலர் விழுந்துட்டே இருப்பாங்க, காரணம் பெரும்பாலும் இதுதான். 30 இன்ச்சுக்கும் 32 இன்ச்சுக்கும் ரெண்டு இன்ச்தானேன்னு தோணும், மேல நின்னு பாத்தாதான் தெரியும், மொட்ட மாடி கைப்பிடி சுவர்ல நிக்கிறதுக்கும் திண்ணைல நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். 60 கிலோக்கு 30ல இருந்து 31, 75 கிலோக்கு 31ல இருந்து 32, 90 கிலோக்கு மேல 33, ரொம்ப கனம்னா 34. அதுக்குன்னு இருக்கிறதுலயே அகலமானத வாங்கிடாதீங்க. அஞ்சடி உயரம் இருக்கிறவங்க 34 இன்ச் போர்டுல நின்னா துடுப்ப நேரா தண்ணில இறக்கவே முடியாது, உடம்ப வளைச்சு வளைச்சு போட்டு தோள்பட்டை போயிடும், அலைல போர்ட ஒரு பக்கமா சாய்க்கவும் வராது. இன்னொன்னு, போர்டு நடுவுல கைப்பிடி குழி ஒண்ணு இருக்கும், பக்கவாட்டுல இடுக்கிக்கிட்டு அதுல விரல் விட்டு தூக்கணும். கை எட்டலன்னா பார்க்கிங்ல இருந்து தண்ணி வரைக்கும் சுடு மணல்ல இழுத்துட்டு போறது நீங்கதான்.

நீளத்துக்கு வருவோம். நீளமான போர்டு வழுக்கிட்டு போகும், அலை உடையறதுக்கு முன்னாடியே சீக்கிரம் புடிக்கலாம், நேரா போகும். அப்போ பதினொன்றடி ஆறு இன்ச் வாங்கிடலாமேன்னு கேப்பீங்க, அங்கதான் நம்ம கடல பத்தி யோசிக்கணும். கிழக்கு கடற்கரைல நிறைய இடத்துல அலை கரைகிட்ட வந்து செங்குத்தா மடிஞ்சு தொப்புன்னு விழும், மெரினா, பெசன்ட் நகர் பக்கம் நின்னவங்களுக்கு தெரியும். அப்படி அலைல நீளமான, தட்டையான போர்டோட மூக்கு நேரா தண்ணிக்குள்ள குத்தும், பின்னாடி நீங்க பறப்பீங்க. போதாததுக்கு நுரைத் தண்ணிய தாண்டி உள்ள போகும்போது அவ்ளோ பெரிய போர்ட அலை புடுங்கி உங்க மேலயே திருப்பி அனுப்பும். கோவளத்துல பாறைங்க பக்கம் உடையற அலை கொஞ்சம் நீளமா, சாதுவா வரும், அதனாலதான் கத்துக்க எல்லாரும் அங்க போறாங்க, ஆனா அங்கயும் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தெக்கத்தி ஸ்வெல், அதான் தூரக் கடல்ல இருந்து உருண்டு வர்ற அலை, நல்லா வர்ற நாள்ல சாது எல்லாம் கிடையாது.

என் கருத்து, முதல் போர்டு ஒன்பதடி ஆறு இன்ச்ல இருந்து பத்தடி ஆறு இன்ச்சுக்குள்ள. மூக்கு உருண்டையா அகலமா இருக்கணும், பக்கவாட்டுல தரைல வெச்சு பாத்தா மூக்கு பக்கம் நல்லா மேல தூக்கி வளைஞ்சிருக்கணும், அந்த வளைவுதான் மூக்கு குத்தாம காப்பாத்தும். முன்பக்கம் படகு மாதிரி கூரா செதுக்கின டூரிங் போர்டு, ரேஸ் போர்டு எல்லாம் அலைக்கு வேண்டாம். நம்ம கோவளத்து சேகர் பச்சை சப் ரேஸ்ல நேஷனல் சாம்பியன் ஆனவரு, அவரு ஓட்டுறத பாத்துட்டு அதே மாதிரி கேக்குறவங்க உண்டு, அது 14 அடி நீளம், அகலம் 25 இன்ச் பக்கம், தட்ட தண்ணில அம்பு மாதிரி போறதுக்கு செஞ்சது. அதுல நாம ஏறினா நிக்கிறதே ஒரு சாதனை.

காத்தடிக்கிற போர்டு, அதான் இன்ஃப்ளேட்டபிள், இத பத்தி நிறைய பேரு கேக்குறாங்க. பைல மடிச்சு வெச்சுக்கலாம், ஸ்விஃப்ட் டிக்கில போகும், விலையும் கம்மி. ஆனா அதோட லிட்டர் நம்பர வெச்சு மேல சொன்ன கணக்க போடாதீங்க. அது 6 இன்ச் தடிமன், பத்தடி ஆறு இன்ச் போர்டு சாதாரணமா 250 லிட்டர தாண்டும், அதுக்குன்னு ரெண்டு மடங்கு ஸ்டெடியா இருக்குமான்னா இல்ல, நீங்க தண்ணிக்கு மேல உசரத்துல நிப்பீங்க, ஓரம் எல்லாம் உருண்டையா இருக்கிறதால அலைல கடிச்சு புடிக்காம வழுக்கும். முட்டுக்காடு உப்பங்கழி மாதிரி தட்ட தண்ணிக்கு அருமை, இடுப்பளவு அலைல ஜாலிக்கு ஓகே. அதுதான் வாங்கப் போறேன்னா அகலத்த மட்டும் பாருங்க, போர்டுல போட்டிருக்கிற பிஎஸ்ஐ, அதான் காத்தழுத்த அளவு, பம்பு மீட்டர்ல வர்ற வரைக்கும், பெரும்பாலும் 15, கை வலிச்சாலும் நிறுத்தாம அடிங்க. பத்துல நிறுத்தினா நடுவுல வாழை மட்டை மாதிரி தொங்கும். அடிச்ச போர்ட நம்ம ஊரு மத்தியான வெயில்ல மணல்லயே போட்டுட்டு சாப்பிட போகாதீங்க, உள்ள காத்து சூடாகி ஒட்டு விட்டுடலாம்.

வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போர்டுன்னு ஒரு ஆசை வரும். கணவர் 88, மனைவி 54ன்னா என்ன பண்றது? கனமானவருக்கு ஏத்ததுதான் வாங்கணும், வேற வழி இல்ல, ஆனா இலேசானவங்க அதுல காத்து அடிக்கும்போது போகக்கூடாது. அவ்ளோ பெரிய போர்டுல கம்மி எடை நின்னா அது பாய் மரம் மாதிரி ஆயிடும். வெயில் காலத்துல காலைல கச்சான் காத்து, அதான் மேக்கத்திக் காத்து, கரைல இருந்து கடலுக்கு அடிக்கும், அலை எல்லாம் வாரி விட்ட தலை மாதிரி அழகா நிக்கும், ஆனா அதே காத்துதான் உங்கள உள்ளயும் தள்ளும். மத்தியானம் கடல் காத்து திரும்பினா தண்ணி குதிச்சுட்டே இருக்கும், அப்போ நிக்கவே முடியாது.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து பாருங்க, அதுவும் கடல்ல. உப்பங்கழில எல்லா போர்டும் நல்ல போர்டுதான். நான் பண்ற டெஸ்ட் இதுதான்: அலை உடையற இடத்துக்கு வெளிய போய், துடுப்ப தண்ணில வெக்காம ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பேன். பாதத்துக்கு மேல தண்ணி ஏறுதா பாருங்க. ஏறினா போர்டு சின்னது. அப்புறம் நின்ன இடத்துலயே போர்ட கரை பக்கம் திருப்புங்க, அலை வர்றது தெரிஞ்சதும் திரும்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, ஏழெட்டு வலி வலிச்சும் திரும்பலன்னா அது உங்களுக்கு பெருசு. அரை மணி நேரத்துல அஞ்சாறு தடவ விழுந்தா சரியான சைஸ். ஒரு தடவ கூட விழலன்னா கொஞ்சம் பெருசு, முதல் போர்டுக்கு அதுவும் பரவால்ல. முப்பத்தொண்ணுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

துடுப்பு, ஃபின் எல்லாம் சீக்கிரம் சொல்லிடுறேன். அலைக்கு துடுப்பு உங்க உயரத்த விட நாலஞ்சு இன்ச் கூட இருந்தா போதும், நீளத்த மாத்துற மாதிரி வாங்கிட்டா கவலையே இல்ல. ஃபின்னுன்னா போர்டு அடில இருக்கிற மீன் துடுப்பு மாதிரியானது, நடுவுல ஒண்ணு பெருசு, பக்கத்துக்கு ஒண்ணு சின்னது, மொத்தம் மூணு இருக்கிற செட்டப் எடுங்க. லீஷ் நேரா இருக்கிறதா, போர்டு நீளத்துக்கு இருக்கணும், சுருள் லீஷ் தட்ட தண்ணிக்கு. அலைல சுருள் லீஷ் கட்டினா விழுந்ததும் போர்டு ஸ்ப்ரிங் மாதிரி உங்க மூஞ்சிக்கே வரும். லீஷ் இல்லாம மட்டும் போகாதீங்க, பத்து கிலோ போர்டு நுரைல தனியா கரைக்கு வந்தா அங்க குளிச்சுட்டு இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகும்னு யோசிங்க. மீனவங்க ஃபைபர் போட் ஏத்தி இறக்குற இடத்துலயும் வலை போட்டிருக்கிற பக்கத்துலயும் போகவே போகாதீங்க, கட்டுமரத்துல துடுப்பு போட்டு இதே அலைய தாண்டினவங்க அவங்க, நாம விருந்தாளி. பெரிய போர்டு இருக்குன்னு வெளிய நின்னு எல்லா அலையையும் நாமளே எடுத்துக்கிறதும் தப்பு, குட்டி போர்டு பசங்க திட்டுவாங்க, திட்டுறதும் நியாயம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்கன்னா லக்கேஜ் தூக்கி பாக்குற கொக்கித் தராசு ஒண்ணு எடுத்துட்டு போங்க. கயிறு கட்டி தொங்க விட்டு எடை பாருங்க, கம்பெனி சொன்ன எடைய விட ரெண்டு மூணு கிலோ கூட இருந்தா உள்ள தண்ணி குடிச்சிருக்கு. நிக்கிற இடத்துல கட்டை விரலால அழுத்துங்க, பதமா அமுங்கினா மேல் தோலு உரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம், விட்டுடுங்க.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு, உங்க அபார்ட்மென்ட் லிஃப்ட அளந்து பாத்துட்டு போங்க. பத்தடி போர்டு மூணு மீட்டருக்கு மேல. எங்க லிஃப்ட்ல மூலைக்கு மூலை சாச்சு வெச்சும் கதவு மூடல, நானும் மச்சினனும் மூணு மாடி படில ஏத்தினோம், ஒவ்வொரு திருப்பத்துலயும் அவன் "லெஃப்ட்டு மாமா, லெஃப்ட்டு, இன்னும் லெஃப்ட்டு"ன்னு கத்த, ரெண்டாவது மாடி ஆன்ட்டி கதவ தொறந்து பாத்துட்டு "என்னப்பா, கதவு மாத்துறீங்களா"ன்னு கேட்டாங்க. இப்போ என்கிட்ட இருக்கிறது ஒன்பதடி எட்டு இன்ச், 33 அகலம், 158 லிட்டர். ஹால்ல சோபாவுக்கு பின்னாடி நிக்குது, அதுவும் லிஃப்ட்ல போகாது.