சார்ஜ் ஏறாத போனுக்கு சார்ஜிங் ஐசி மாற்றுவது எப்படி?

மாரி தொடங்கினால் வயலில் நனைந்த போன் வரும். மற்ற மாதங்களில் புழுதி அடைத்த போன் வரும். வன்னியில் ரிப்பெயர் மேசை போட்டு இருக்கிறவர்களுக்கு இது தெரியும். “அண்ணை, சார்ஜ் ஏறுதில்லை” என்று போனை வைத்ததும் வேலை பழகுகிற தம்பிமாரின் கை நேரே ஹொட் எயாருக்கு, அதாவது சூடான காற்று ஊதும் மெஷினுக்குப் போகும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சார்ஜிங் ஐசி என்பது பற்றரிக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் சிப். அதைக் கழற்றச் சூடு காட்டுவது கடைசி வேலை.

முதலில் வெளியே பாருங்கள்

சார்ஜ் போடுகிற துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். மண் இருந்தால் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள், ஊசி வேண்டாம். நல்லதென்று தெரிந்த சார்ஜரையும் வயரையும் போட்டு, நடுவில் யூஎஸ்பி மீற்றரைக் கொழுவுங்கள். 5 வோல்ற் காட்டி, அம்பியர் 0.00இலேயே நின்றால் போன் கரண்டை எடுக்கவில்லை. கீழே இருக்கும் சின்ன சார்ஜிங் போட்டையும் (சர்க்கிட் பலகை) பற்றரியையும் மாற்றிப் பாருங்கள். நிறையப் போன்கள் இந்த இடத்திலேயே சுகமாகி வீட்டை போய்விடும்.

ஐசிதான் பழுது என்று நிரூபியுங்கள்

பற்றரியைக் கழற்றுங்கள். மல்ரிமீற்றரை டயோட் மோட்டில் வைத்து, சிவப்பு முனையை உலோக மூடியில் பிடித்து, கறுப்பு முனையால் 5 வோல்ற் பாதையில் இருக்கும் கப்பாசிற்றரைத் தொடுங்கள். 0.4, 0.5 போல ஒரு எண் வந்தால் நல்லது. 0 வந்தால் ஷோட், அதாவது மின் நேரே தரைக்கு (கிரவுண்டுக்கு) ஓடுகிறது. கப்பாசிற்றரின் ஒரு பக்கம் எப்போதும் 0 காட்டும், அது தரை. இரண்டு பக்கமும் 0 என்றால்தான் யோசிக்க வேண்டும். ஐசியைக் கழற்றமுதல் அந்தப் பாதையில் உடைந்த, கறுத்த கப்பாசிற்றர் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஷோட் இல்லையா? பற்றரி இல்லாமலே சார்ஜரைக் கொழுவி 5 வோல்ற்றைப் பின்தொடருங்கள். துவாரத்திலிருந்து வரும் மின் முதலில் ஓவிபி என்கிற காவல்கார ஐசிக்குப் போகிறது. அளவுக்கு மிஞ்சிய வோல்ற்றேஜ் வந்தால் பாதையைத் துண்டித்து மற்றவற்றைக் காப்பது அதன் வேலை. பெயர் தெரியாத மலிவுச் சார்ஜர்களும் இடிமின்னலும் அதை அடிக்கடி பலியெடுக்கும். அதற்குள் 5 போய் வெளியே வரவில்லை என்றால் அதுதான் பழுது, சார்ஜிங் ஐசி பாவம். சார்ஜிங் ஐசி வரை 5 வந்தும், பக்கத்தில் இருக்கும் கொயிலுக்கு அப்பால் ஏறக்குறைய 4 வோல்ற் வரவில்லை என்றால் சந்தேகம் ஐசியில். அதே மாடல் நல்ல போட் ஒன்று கிடைத்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

போனைத் தந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: போன் வேண்டுமா, உள்ளே இருக்கிற படங்கள் வேண்டுமா? எங்கள் பக்கத்தில் பலருக்குப் படம்தான் பெரிது. இப்போதைய போன்களில் தரவைத் திறக்கும் சாவி பிரதான சிப்போடு பிணைந்திருக்கிறது. அந்தச் சிப் போனால், மெமரி ஐசியை வேறு போட்டில் வைத்தும் படம் வராது.

கழற்றுவது

போட்டைப் படம் எடுங்கள். ஐசியின் மூலையில் உள்ள புள்ளி எந்தப் பக்கம் என்று அதில் தெரிய வேண்டும். ஐசியின் மேலுள்ள இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை எழுதி, கொழும்பு புறக்கோட்டையில் சொல்லி எடுப்பியுங்கள், அல்லது செத்த போட்டிலிருந்து எடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாமல் போகலாம்.

நனைந்த போட் என்றால் மெல்லிய சூட்டில் சில மணித்தியாலம் காயவிடுங்கள். நான் பழகிய காலத்தில் காயாத போட் ஒன்றுக்கு நேரே சூடு பிடித்தேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, பக்கத்துப் பெரிய சிப்பின் ஓரத்தால் ஈயம் முத்துமுத்தாக வெளியே வந்தது. அந்தப் போன் திரும்ப எழும்பவே இல்லை.

பக்கத்துச் சாமான்களை வெப்ப ரேப்பால் மூடுங்கள். ஐசியைச் சுற்றிப் பிளக்ஸ் (ஈயம் நன்றாக உருகி ஒட்ட உதவும் பசை) பூசுங்கள். ஹொட் எயார் 350 பாகைக்கு மேல், காற்று நடுத்தரம். ஆனால் மெஷினுக்கு மெஷின் சூடு வேறு, ஆகவே செத்த போட்டில் பத்துத் தடவையாவது பழகுங்கள். தூரத்திலிருந்து சூடாக்கி, பிறகு கிட்ட வந்து வட்டமாகச் சுற்றுங்கள். கம்பனி ஈயம் ஏறக்குறைய 217 பாகையில்தான் உருகும். ருவீசரால் மெல்லத் தொட்டால் ஐசி அசைந்து திரும்பத் தன் இடத்துக்கு வர வேண்டும், அப்போது நேரே மேலே தூக்குங்கள். நெம்பினால் பாட் (ஐசி ஒட்டியிருக்கும் செம்புப் புள்ளி) கழன்று வரும். பாதியில் கரண்ட் போனால் இழுக்காதீர்கள், ஆறவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். புகை போக யன்னல் திறந்திருக்கட்டும், ஃபான் வேண்டாம். மணல் அளவு சாமான்கள் பறந்துவிடும்.

வைப்பது

பாட்களில் மிச்சமிருக்கும் ஈயத்தைச் செம்புத் திரியால் அழுத்தாமல் இழுத்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். புது ஐசி பெரும்பாலும் ஈயக் குண்டுகளோடு வரும். பழையது என்றால் ஸ்டென்சில் (சின்னத் துளைகள் உள்ள தகடு) வைத்து, 183 பாகையில் உருகும் ஈயப் பசை தேய்த்துக் குண்டு போட வேண்டும். மெல்லிய பிளக்ஸ், புள்ளிக்குப் புள்ளி சரி, பிறகு சூடு. ஈயம் உருகியதும் ஐசி தானே இழுபட்டுச் சரியாக உட்காரும். ஊதி ஆற்ற வேண்டாம்.

மின் கொடுக்கமுதல் டயோட் மோட்டில் திரும்பவும் பாருங்கள். டிசி பவர் சப்ளையில் 4 வோல்ற் கொடுத்து, பட்டனை அமத்தாமலே அம்பியர் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் எங்கோ ஷோட், உடனே நிறுத்துங்கள். ஏறவில்லை என்றால் பற்றரியைப் போட்டு, யூஎஸ்பி மீற்றரோடு சார்ஜில் விடுங்கள். சார்ஜ் இறங்கிய பற்றரிக்கு 1 அம்பியர் அளவில் ஓடினால் சந்தோஷம். சார்ஜ் அடையாளம் மட்டும் காட்டி வீதம் (%) ஏறாமல் நின்றால் பற்றரி கொனெக்ரரைப் பாருங்கள். உலோக மூடியைக் கடைசியாகப் போட்டு, இரவு முழுக்க மேசையில் வைத்து, 100 ஏறியபிறகு ஆளுக்குக் கோல் எடுங்கள்.